மீனை விட்டு ஆற்றைப் பிடித்தல்

1

பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவதற்காக ஒருவர் ஒரு நாளைக்குப் பல நூறு டாலர் கொடுக்கிறார் என்றால், அவர் விலைக்கு வாங்குவது எதை? மீனை அல்ல. மீன் கடையில் கிடைக்கிறது. பயணத்தின் முடிவில் அவரிடம் இருப்பது ஒரு புகைப்படம். அதில் நனைந்த கைகளில் ஒரு நொடி ஏந்தப்பட்ட மீன். மீன் போய்விடுகிறது, படம் நிற்கிறது. 'சரி, பணம் இருக்கிறவன் பொழுதுபோக்கு, இதில் விமர்சனத்துக்கு என்ன இருக்கு?' என்று கேட்கலாம். ஒரு சமூகம் தன்னைப் பற்றிய முக்கியமான கதையாடல்களைப் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ஒளித்து வைக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே ட்ரவுட் ஆற்றையும் ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மேடிசன், யெல்லோஸ்டோன், பிளாக்ஃபுட் போன்ற மலையாறுகளில் கோடைதோறும் வழிகாட்டி வைத்துக்கொண்டு மீன்பிடிக்கிற பயணங்கள் நடக்கின்றன. இரண்டு முனையும் உயர்ந்த, அடி தட்டையான ஒரு துடுப்புப் படகு. முன்னால் ஒரு வாடிக்கையாளர், பின்னால் இன்னொருவர், நடுவில் துடுப்போடு வழிகாட்டி. எந்தத் துறையில் இறங்குவது, எந்தப் பூச்சியைக் கட்டுவது, எந்தப் பாறையின் பின்னால் வீசுவது என்று எல்லாமும் அவர்தான் சொல்கிறார். நரம்பில் முடிச்சுப் போடுவது அவர். சிக்கெடுப்பது அவர். மதியச் சாப்பாடு கொண்டுவருவது அவர். மீன் கடித்ததும் 'இழு' என்பது அவர். வலைக்கூடையில் ஏந்துவதும், முள்ளைக் கழற்றுவதும், படம் எடுப்பதும் அவரே. வாடிக்கையாளர் வீசுகிறார், இழுக்கிறார், சிரிக்கிறார். மீன் மட்டும் வாடிக்கையாளருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மீனின் 'ஆசிரியர்' யார் என்ற கேள்வியை இந்தப் படகில் யாரும் கேட்பதில்லை.

2

இந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது. முள்ளின் மேல் இறகு, ரோமம், நூல் சுற்றி ஒரு பூச்சியின் சாயலை உண்டாக்குகிறார்கள். ஃப்ளை ஃபிஷிங் என்ற பெயரில் இருக்கும் ஃப்ளை இதுதான். பொய்ப்பூச்சி என்று சொல்லலாம். இதற்கு எடையே இல்லை. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தடித்த நரம்பின் கனமே பூச்சியை இழுத்துப் போகிறது. காற்றில் முன்னும் பின்னுமாக நரம்பு சுழல்கிற அந்த அழகைத்தான் சினிமாவும் விளம்பரமும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

பொய்ப்பூச்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அன்றைக்கு ஆற்றில் பொரித்துப் பறக்கிற பூச்சியை அச்சு அசலாகப் போலச் செய்வது. மேஃப்ளை என்கிற பூச்சி இறக்கை முளைத்தபின் ஒன்றிரண்டு நாள்தான் உயிரோடிருக்கும், நம் ஈசல் மாதிரி. அதன் நிறம், அளவு, மிதக்கிற கோணம் எல்லாம் பொருந்தினால்தான் மீன் கடிக்கும் என்பது இவர்களுடைய யதார்த்தவாதம். இன்னொரு வகை எந்தப் பூச்சியையும் போலிருக்காது. 1878இல் நியூயார்க்கில் உருவான ராயல் கோச்மேன் என்ற பொய்ப்பூச்சிக்கு இடுப்பில் சிவப்புப் பட்டுப்பட்டை. அப்படி ஒரு பூச்சி இயற்கையில் கிடையாது. ஆனாலும் மீன் கடிக்கிறது. குறிப்பான் இருக்கிறது, குறிப்பிடப்படுகிற பொருள் இல்லை. அசல் இல்லாத நகல் என்று போத்ரியா சொன்னதை மலையாற்று மீன் நூறு வருஷமாக நடைமுறையில் நிரூபித்துக்கொண்டிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. வேடிக்கை அதோடு முடிகிறது. தப்பாக வாசித்தால் உதட்டில் முள் ஏறுகிற வாசகர் அந்த மீன்.

பொய்ப்பூச்சியின் உடம்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய ஆங்கிலேயப் பொய்ப்பூச்சிகள் பலவற்றில் கண் மாதிரி மினுங்குகிற ஒரு இறகு இருக்கும். தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு அது. மெழுகு பூசியது போன்ற அந்தப் புள்ளிக்காகவே காலனிய காலத்தில் இந்தக் கோழி பிடிக்கப்பட்டு, தோலும் கழுத்துமாகக் கப்பலேறியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை வேறு. இன்று சட்டப்படி கிடைப்பது பண்ணையில் வளர்த்த பறவையின் இறகு.

தமிழ் படித்தவனுக்கு இங்கே திணை ஞாபகம் வராமல் போகாது. கானக்கோழி முல்லைப் பறவை. மலையருவி குறிஞ்சி. மீன்பிடித்தல் நெய்தலின் தொழில். மூன்றும் ஒரே முள்ளில் கோக்கப்பட்டிருக்கின்றன. கருப்பொருள்கள் மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. அப்படியானால் இந்தத் திணைமயக்கத்தின் உரிப்பொருள் என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் பிரிதல்தான், மீனைப் பிடித்து மீனைப் பிரிதல். உள்ளே போய்ப் பார்த்தால் உடைமை என்று படுகிறது.

3

மீன் எங்கே நிற்கும் என்பது தெரிந்தவருக்கு ஆறு ஒரு பக்கம் எழுத்து. வேகநீரும் மந்தநீரும் ஒட்டுகிற கோட்டில், பாறையின் முதுகில், குடைந்த கரையின் நிழலில் மீன் அதிகம் நீந்தாமல் நின்றுகொண்டு, நீரோட்டம் கொண்டுவருகிற இரைக்குக் காத்திருக்கும். அந்தத் தொழிலில் இதற்குத் 'தண்ணீரை வாசிப்பது' என்றே பெயர். வாசிக்கிறவர் வழிகாட்டி. வாசிப்பின் பலன் வாடிக்கையாளர் பெயரில் வரவாகிறது. ஆசிரியர் செத்துவிட்டார் என்று ரோலான் பார்த் சொன்னபோது நாம் வாசகனின் விடுதலையைக் கொண்டாடினோம். கூலிக்கு வாசிக்கிற வாசகனைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் இந்த வழிகாட்டிக்குக் கில்லி என்று பெயர். கேலிக் மொழியில் அதற்குப் பையன், வேலைக்காரன் என்று பொருள். அறுபது வயது ஆளும் 'பையன்'தான். எஜமான் வீட்டுச் சின்னக் குழந்தைகூடப் பெரியவரை 'டேய்' என்று கூப்பிட்ட கிராமங்களிலிருந்து வந்த நமக்கு இந்தச் சொல்லின் வரலாற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. காஷ்மீரில் அதே ஆளுக்கு ஷிகாரி என்று பெயர். மொன்டானாவில் வழிகாட்டி என்கிற கௌரவமான பெயர் இருக்கிறது, உரிமமும் இருக்கிறது. ஆனால் உரிமம் பெற்ற ஒரு பயண நடத்துநரின் கீழ்தான் அவர் வேலை செய்ய முடியும். படகுக்கு மேலே இன்னொரு படகு.

பொய்ப்பூச்சி கனவான்களின் கண்டுபிடிப்பு என்பது கனவான்கள் எழுதிய வரலாறு. ஏறத்தாழ கி.பி. 200 வாக்கில் எழுதிய ஈலியன், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் ஆற்றங்கரை மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றி மீன்பிடித்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். ஜப்பானின் மலையோடைகளில் டென்காரா என்கிற, சுருள் இல்லாத நீளக் கழியும் ஒரே ஒரு பொய்ப்பூச்சியும் கொண்ட முறை, பிடித்த மீனை விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்களுடையது. இன்று அதுவும் விலையுயர்ந்த பையில் அடைத்து விற்கப்படுகிறது. பிழைப்பாக இருந்தவரை அதற்கு அழகியல் கிடையாது. பிழைப்பிலிருந்து பிரித்தெடுத்ததும் அது கலையாகிவிடுகிறது. நம் சூழலில் எத்தனை கலைகளுக்கு இந்தக் கதி நேர்ந்தது என்று வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

4

இந்தப் பயணங்களின் மூலப்பிரதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நார்மன் மக்லீன் 1976இல் வெளியிட்ட 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' குறுநாவலையும், ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1992இல் அதைப் படமாக்கியதையும்தான் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த மக்லீன் ஓய்வுபெற்ற பின் எழுதியது. பிரெஸ்பிட்டேரியன் பாதிரியாரான தந்தை தன் இரண்டு மகன்களுக்கும் வேதத்தையும் தூண்டிலையும் ஒரே தாளத்தில் கற்பிக்கிறார். இளையவன் பால் ஆற்றில் மேதை, கரையில் அழிகிறவன். நேசிக்கிற ஒருவனுக்கு எப்படி உதவுவது என்று தெரியாமல் போவதே அதன் துயரம். உண்மையிலேயே நல்ல எழுத்து, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் கவனியுங்கள். அந்தக் கதையின் மையத்தில் கூலிக்கு வந்த வழிகாட்டி இல்லை. ஆறு தெரிந்தவர் தகப்பன், அண்ணன், தம்பி. அறிவு இரத்தவழியாக வருகிறது, பணம் கைமாறுவதில்லை. படம் வந்தபின் அந்தத் தகப்பனுக்காக ஏங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் மொன்டானாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வழிகாட்டி. வழிகாட்டி என்பவர் நாள் வாடகைக்குக் கிடைக்கிற தகப்பன். கோபித்துக்கொள்ளாத தகப்பன், சாயந்திரம் இனாம் வாங்கிக்கொள்கிற தகப்பன்.

படத்தில் வருகிற ஆறும் பெரும்பாலும் அந்த ஆறு அல்ல. கதை நடப்பது பிளாக்ஃபுட் ஆற்றில். சுரங்கக் கழிவும் மரம் வெட்டலும் அதைக் கெடுத்து வைத்திருந்ததால் மீன்பிடிக் காட்சிகளுக்கு கேலட்டின் முதலான வேறு ஆறுகளுக்குப் போனார்கள். ஆற்றுக்கும் ஒரு பொய்ப்பூச்சி கட்டப்பட்டது என்று சொல்லலாம். நாம் கடித்தோம்.

இன்னும் முக்கியமானது படத்தின் முடிவில் ஓடுகிற எழுத்துகளில் இருக்கிறது. படப்பிடிப்பில் எந்த மீனும் கொல்லப்படவில்லை, அந்தக் காலத்தில் மக்லீன் குடும்பத்தார் பிடித்ததை வைத்துக்கொண்டார்கள், இன்றைய அறிவொளி பெற்ற மீன்பிடிப்பாளர்கள் பிடித்து விட்டுவிடுவதையே ஆதரிக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு. அறிவொளி என்ற அந்தச் சொல்லின்மேல்தான் நான் விரலை வைக்க விரும்புகிறேன். தின்பவன் இருளில் இருக்கிறான், விடுகிறவன் ஒளியில் இருக்கிறான். ஒரு பாதிரியாரின் குடும்பம் தன் இராச்சாப்பாட்டுக்காகப் பின்னோக்கி மன்னிக்கப்படுகிறது. பசியிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோம் என்பது இங்கே ஒழுக்கத்தின் அளவுகோலாகிவிடுகிறது.

எங்கள் ஊர்க் கண்மாயில் வலை வீசுகிற பெரியவர் ஒருவரிடம் இந்தப் 'பிடித்து விடுதல்' பற்றி விளக்கிச் சொன்னேன். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களின் ஏச்சுக்கு நடுவே காலம் தள்ளியவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அப்புறம் எதுக்குத் தம்பி அத வாயைக் கிழிச்சு மேல இழுக்கணும்? சும்மா பாக்கணும்னா கரையில உக்காந்து பாக்க வேண்டியதுதான?' என்றார். இந்தக் கேள்வியைச் சுவிட்சர்லாந்து சட்டமாகவே எழுதியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, திரும்ப விடும் நோக்கத்தோடேயே மீன்பிடிப்பது அங்கே தடை. 2003இல் லின் ஸ்னெடனும் அவரது சகாக்களும் ரெயின்போ ட்ரவுட்டின் முகத்தில் வலியுணர் நரம்புகள் இருப்பதைக் காட்டியபின் விவாதம் சூடுபிடித்து, இன்றும் தொடர்கிறது. ஒரு நாட்டில் அறிவொளி எனப்படுவது இன்னொரு நாட்டில் குற்றம். இரண்டுமே மீனின் பேரால் பேசுகின்றன.

5

அடுத்து மீனின் பூர்வீகம். மொன்டானா ஆறுகளில் வாடிக்கையாளர் ஆசைப்பட்டுப் பிடிக்கிற பிரவுன் ட்ரவுட் அந்த மண்ணின் மீனல்ல. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்தது. ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையோரத்து மீன். மொன்டானாவின் சொந்த மீன்களில் ஒன்று கட்த்ரோட் ட்ரவுட். தாடையின் கீழே இரத்தம் வழிகிற மாதிரி ஒரு சிவப்புக் கீற்று இருப்பதால் 'கழுத்தறுபட்டது' என்று பெயர். ரெயின்போ அதனோடு கலந்து அதன் மரபையே கரைத்துக்கொண்டிருக்கிறது.

1974இல் மொன்டானா அரசு, மீன்கள் தாமாகவே இனம் பெருக்குகிற ஆறுகளில் பண்ணைக் குஞ்சு விடுவதை நிறுத்தியது. பண்ணை மீன் விட்டால் ஆற்றில் பிறந்த மீன் குறைகிறது என்று ஆய்வு காட்டியதுதான் காரணம். நல்ல முடிவு, பலனும் கிடைத்தது. ஆனால் அதோடு ஒரு சொல்லும் புழக்கத்துக்கு வந்தது: காட்டு ட்ரவுட். ஆற்றில் பிறந்ததெல்லாம் காட்டு மீன், அதன் பாட்டன் ஜெர்மனியிலிருந்து வந்தவனாக இருந்தாலும் சரி. நாட்டு மீனின் இடத்தில் காட்டு மீன் வந்து உட்கார்ந்துகொண்டது. குடியேறியவரின் பேரன் மண்ணின் மைந்தன் ஆகிற கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைக்காது. அந்த மண்ணின் சாலிஷ், குட்டெனாய் மக்கள் 1855ஆம் ஆண்டு ஹெல்கேட் ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்டு, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கிற உரிமையையும் எழுதி வாங்கினார்கள். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் கடைசிவரை இருந்த சாலிஷ் மக்கள் 1891இல் தலைவர் ஷார்லோவோடு வெளியேற்றப்பட்டார்கள். அதே பிட்டர்ரூட் இன்று புகழ்பெற்ற ட்ரவுட் ஆறு.

அதே பிரவுன் ட்ரவுட் நம் பக்கமும் வந்தது. காஷ்மீருக்கு 1899இல் அனுப்பப்பட்ட முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் ஸ்ரீநகரில் வசித்த ஃப்ராங்க் மிட்செலின் முயற்சியில் வந்தவை பிழைத்து, ஹார்வனில் பொரிப்பகம் உண்டானது. லித்தர் போன்ற ஆறுகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, துண்டுக்கு இத்தனை தூண்டில் என்று அனுமதிச் சீட்டு முறை வந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த மலைமீன் கெண்டை குடும்பத்தைச் சேர்ந்தது. ட்ரவுட்டுக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆங்கிலேயர்கள் அதற்கு 'பனி ட்ரவுட்' என்று பெயர் வைத்தார்கள். வந்தேறியின் பெயரால் பூர்வகுடி அழைக்கப்பட்டது. இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொண்டதோடு நிற்காமல் பெயரையும் பிடுங்கிக்கொள்கிற இந்தச் செயலைவிட நல்ல உதாரணம் காலனியச் சொல்லாடலில் வேறு கிடைக்குமா தெரியவில்லை. நீலகிரியிலும் இதே கதைதான். 1879இலேயே வேட்டை மிருகங்களையும் மீனையும் பாதுகாக்க ஒரு சட்டம். யாரிடமிருந்து பாதுகாக்க என்பதுதான் கேள்வி. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம். மீனுக்கு முன்னால் சட்டம் வந்துவிட்டது.

6

இதெல்லாம் சொன்னபின் ஒரு எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆறுகளைக் காப்பாற்றியது யார்? பல இடங்களில் இந்த மீன்பிடிப்பாளர்களும் வழிகாட்டிகளும்தான். பிளாக்ஃபுட் ஆறு இன்னொரு ஆற்றோடு கலக்கிற இடத்தில், சுரங்க நஞ்சு படிந்து கிடந்த மில்டவுன் அணை 2008இல் உடைக்கப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு. 1985ஆம் ஆண்டு சட்டம், இரு கரையும் யாருடைய பண்ணையாக இருந்தாலும் வெள்ளவரம்புக்கு உட்பட்ட ஆறு பொதுமக்களுடையது என்றது. காசு உள்ளவன் ஆற்றுக்கு வேலி போடுவதை இன்றுவரை தடுத்துக்கொண்டிருப்பது அதுதான். ஆசை இல்லாத இடத்தில் காவல் இருப்பதில்லை. நம் ஆறுகளுக்கு அப்படி ஆசைப்பட ஆளில்லாமல் மணல் லாரிகள் மட்டும் ஆசைப்பட்டதன் விளைவை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆசையின் எல்லை எங்கே என்பதை 2016 ஆகஸ்ட் காட்டியது. யெல்லோஸ்டோன் ஆற்றில் ஒட்டுண்ணி நோயால் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. நீர் குறைந்து சூடேறியிருந்ததும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 295 கிலோமீட்டர் ஆறு அத்தனை பேருக்கும் மூடப்பட்டது. பருவத்தின் நடுவில் வழிகாட்டிகளின் படகுகள் கரையேறின. படகு மிதக்காத நாளில் அவர்களுக்குக் கூலி இல்லை. செத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை மவுன்டன் ஒயிட்ஃபிஷ் என்கிற நாட்டு மீன். வாடிக்கையாளர் தூண்டிலில் அது மாட்டினால் ஏமாற்றமாகச் சிரிப்பார்கள், படம் எடுக்க மாட்டார்கள். எண்ணிக்கையில் இல்லாத மீன் செத்தபோதுதான் அது ஆற்றில் இருந்ததே பலருக்குத் தெரிந்தது. ஆல்பத்தில் இடமில்லாத மீனும் படத்துக்கு வெளியே நிற்கிற வழிகாட்டியும் ஒரே நாளில் ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கோடையில் நீரின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 73 பாரன்ஹீட்டைத் தொட்டால் மதியம் இரண்டு மணிக்குமேல் மீன்பிடிக்கத் தடை விதிக்கிறார்கள். சூடான நீரில் இழுபட்டுக் களைத்த மீன், விட்டாலும் பிழைப்பது கடினம். விடுதல் என்கிற அறம் குளிர்ந்த நீரில் மட்டுமே செல்லுபடியாகும் என்று ஆறே சொல்கிறது. குளிர்ந்த நீரோ மேலே உள்ள பனியையும், கீழே வயலுக்கு இறைப்பவரையும், எங்கோ கரி எரிப்பவரையும் பொறுத்தது. வாடிக்கையாளர் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுவதால் அது தீராது.

மீனை விடுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆற்றையும் விடுவது பற்றிப் பேசுங்கள் என்கிறேன். 1855இல் எழுதி வாங்கியவர்களுக்கு அதில் என்ன பங்கு, துடுப்புப் போடுகிறவருக்கு என்ன பங்கு, படமெடுக்கத் தகுதியில்லாத மீனுக்கு என்ன பங்கு என்று கணக்குப் பார்க்கிற ஒரு பயணத்தை எந்த நடத்துநரும் இன்னும் விளம்பரப்படுத்தவில்லை. கண்மாய்க்கரைப் பெரியவர் கேட்டதற்குப் பதிலாக என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: இழுப்பது மீனுக்காக இல்லை பெரியவரே, 'இது என்னுடையது, இருந்தும் விட்டுக்கொடுக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வதற்காக. விட்டுக்கொடுக்க முதலில் அது அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஆனது எப்போது, எந்தக் கையெழுத்தால் என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை.